பிரிந்த பேண்ட்

ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து கொடுத்த கண்ணாடிக்கடைக்காரர், ஒரே ஒரு ஆளை மட்டும் ஆயுள் முழுக்கப் பார்க்க மாட்டேன் என்று முடிவெடுத்திருந்தார். அந்த ஆள் அவருடைய மனைவியின் அண்ணன். முடிவெடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. அவர் எடுத்த முடிவுகளில் இன்னும் உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். எடை குறைப்பது, காலையில் எழுந்து நடப்பது, மனைவி பேசும்போது செய்தித்தாளை மடித்து வைப்பது எல்லாம் ஒரு வாரத்தைத் தாண்டவில்லை. அதனால் மிச்சமிருந்த இந்த ஒன்றின் மேல் அவருக்குத் தனிப் பாசம்.

சண்டைக்குக் காரணம் சொத்து இல்லை. ஒரு ராக் இசைக்குழு.

நெருப்புக்கோழிகள் என்று நான்கு பேர். ஒரு காலத்தில் அவர்கள் பாடினால் ஜன்னல் கண்ணாடிகள் கூடவே பாடும். இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு பெரிய மைதானத்தில், பாட்டின் இரண்டாவது சரணத்தில் குழு உடைந்துபோனது. பாட்டுக்காரர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஒரு பக்கம் நடந்தார். கிதார்காரர் ஒயரைப் பிடுங்கிவிட்டு இன்னொரு பக்கம் நடந்தார். மற்ற இருவரும் பாட்டு முடிந்துவிட்டதா இல்லையா என்று தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் வாசித்தார்கள்.

முதலில் போனது யார்? உலகம் முழுவதும் உள்ள ரசிகர்களுக்கு இதுதான் கேள்வி. அன்று எடுத்த வீடியோப் படம் ஒன்று இருக்கிறது. ஆனால் மைக்கும் ஒயரும் பிரியும் அந்த நொடியில், முன்வரிசையில் ஒரு நெட்டையான ஆளின் தலை குறுக்கே வந்துவிடுகிறது. அந்தத் தலை விலகும்போது எல்லாம் முடிந்திருக்கும். அந்தத் தலை மட்டும் அன்றைக்குக் கொஞ்சம் குனிந்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாக இருந்திருக்கும்.

கண்ணாடிக்கடைக்காரர் பாட்டுக்காரர் கட்சி. "கம்பிக்காரர்தான் முதலில் கம்பி நீட்டினார்" என்பது அவர் தீர்ப்பு. மச்சான் லிஃப்ட் மெக்கானிக். அவர் கிதார்காரர் கட்சி. மைக்கைத்தான் முதலில் வைத்தார்கள் என்பது அவர் தீர்ப்பு. இருவரும் சேர்ந்துதான் ரசிகர் மன்றத்தையே ஆரம்பித்தார்கள். ஒரு கடையில் கடைசியாக இருந்த ஒரே இசைத்தட்டுக்கு ஒரே நேரத்தில் கை நீட்டியதில் தொடங்கிய பழக்கம் அது. கடைசியில் மெக்கானிக் தன் தங்கையைக் கண்ணாடிக்கடைக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார். இசைத்தட்டைத் தானே வைத்துக்கொண்டார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மன்றம் கூடும் கண்ணாடிக்கடைக்காரர் வீட்டு முன்னறையில், படத்தை நாற்பதாவது தடவையாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மெக்கானிக் ஒரு வார்த்தை சொன்னார்.

"உங்க பாட்டுக்காரருக்கும் உங்களுக்கும் ஒரே குணம் மாப்பிள்ளை. பேச்சு முடியறதுக்குள்ள எழுந்து போயிடுவீங்க."

அது எவ்வளவு பெரிய பொய் என்று நிரூபிப்பதற்காகக் கண்ணாடிக்கடைக்காரர் உடனே எழுந்து வெளியே போய்விட்டார். தன் சொந்த வீட்டிலிருந்து. போன வேகத்தில் ஒரு காலில் தன் செருப்பு, இன்னொரு காலில் மனைவியின் செருப்பு. எதிரே சலவைக்கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்றார். மச்சான் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிய பிறகு உள்ளே வந்து, "பார்த்தியா, உங்க அண்ணன் கோவிச்சுட்டுப் போயிட்டார்" என்றார்.

மனைவி அவருடைய கால்களைப் பார்த்தாள்.

அவள் தையல்காரி. முன்னறையில் ஜன்னல் பக்கம் அவளுடைய மெஷின், சுவர்ப்பக்கம் மன்றத்தின் பழைய சோபா. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அந்தப் பக்கம் வாக்குவாதம் ஓடும், இந்தப் பக்கம் மெஷின் ஓடும். இரண்டில் மெஷின் மட்டும்தான் எங்காவது போய்ச் சேரும்.

மூன்று வாரத்துக்கு முன்பு மெக்கானிக் மகளின் கல்யாணப் பத்திரிகை வந்தது. மேலே இருவர் பெயரும் எழுதியிருந்தது. நான் வரவில்லை, நீ போய்விட்டு வா என்றார் கண்ணாடிக்கடைக்காரர். ஒன்பது வருடமாக அவள் தனியாகத்தான் அண்ணன் வீட்டுக்குப் போய்வருகிறாள். ஒவ்வொரு தடவையும் அங்கே யாராவது ஒருவர், அவர் வரலையா என்று கேட்பார்கள். கடையில் வேலை என்று அவளும் ஒன்பது வருடமாகச் சொல்கிறாள். வெள்ளிக்கிழமையில் நடக்கும் கல்யாணத்துக்கு, வெள்ளிக்கிழமையில் பூட்டிக் கிடக்கும் கடையை அவள் எப்படிச் சொல்ல முடியும்? அதை எல்லாம் அவள் அவரிடம் சொல்லவில்லை. சரி என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். மனைவி வாதாடாமல் சரி என்று சொன்னால் எந்தக் கணவனும் உஷாராக வேண்டும். அவர் நிம்மதியானார்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மன்றத்தில் குண்டு விழுந்தது.

குண்டைக் கொண்டுவந்தவர் பஸ் கண்டக்டர். மன்றத்தில் அவருக்குப் பின்பாட்டு என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் அதன் கடைசி இரண்டு வார்த்தையைத் திருப்பிச் சொல்லி ஆமாம் போடுவார். அப்படிப்பட்டவர் அன்றைக்குத் தானாக ஒரு வாக்கியம் பேசினார்.

"அண்ணே, பிரிஞ்ச பேண்ட் சேரப் போகுது. இன்னும் ஒரு வாரம்."

யார் சொன்னது என்று கேட்டார்கள். ரொம்ப உள்ளே இருக்கிற ஆள், பேரைக் கேட்கக் கூடாது என்று கையை விரித்தார். ஜன்னல் பக்கம் மெஷின் ஒரு நொடி நின்றது. பிறகு ஓடியது.

மன்றத்தின் மூன்றாவது உறுப்பினர் பல் டாக்டர். சேர்ந்து ஆறு வருடம்தான் ஆகிறது. பிடுங்கின பல் திரும்ப ஒட்டாது, அது போலத்தான் இதுவும் என்றார். எதைப் பற்றிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். ஒட்டாதுதான் என்றார் பின்பாட்டு. இல்லை, ஒட்டும் என்றார் கண்ணாடிக்கடைக்காரர். ஒட்டும் ஒட்டும் என்றார் பின்பாட்டு.

கண்ணாடிக்கடைக்காரருக்குச் சட்டென்று அலுத்துவிட்டது. இருபத்து மூன்று வருடத்தில் இதைவிடப் பெரிய செய்தி வந்ததில்லை. ஆனால் இந்த அறையில் மறுத்துப் பேச ஓர் ஆள் இல்லை. மச்சான் இருந்திருந்தால் இந்நேரம் ஆதாரம் கேட்டிருப்பார், சோபாக் கையில் தட்டியிருப்பார், அந்த நெட்டைத் தலைக்காரனைத் தேடிப் பிடித்தால் என்ன என்று ஏதாவது பைத்தியக்காரத் திட்டம் சொல்லியிருப்பார். ஜெயிப்பதற்கு எதிரில் ஒருவர் வேண்டாமா? ஒன்பது வருடமாகத் தான் யாரைத்தான் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அவர் உடனே இருமித் தள்ளினார்.

அப்போது மெஷின் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சேரப் போறாங்கன்னா சரி. ஆனா யாராவது ஒருத்தர் முதல்ல போய்ப் பேசணும் இல்லீங்களா? அதை யார் சொல்றது?"

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இருபது வருடத்தில் அவள் மன்ற விஷயத்தில் வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

"ரசிகர்கள் நாமதான் சொல்லணும்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், மார்பு நிமிர. "ஒரு தீர்மானம் போட்டு அனுப்பணும். இப்பவே."

அவருடைய கையெழுத்து மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும். பல் டாக்டருடையது நிஜமாகவே மருந்துச் சீட்டு. நானே எழுதித் தருகிறேன் என்று மனைவி மெஷினில் இருந்து எழுந்து, தன் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். கழுத்தில் டேப் தொங்கியது.

கண்ணாடிக்கடைக்காரர் நடந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தார். முதலில் ஒயரைப் பிடுங்கி ஓடிய கிதார்காரர் ஆகிய நீங்கள் என்று தொடங்கினார்.

"பேர் வேண்டாங்க" என்றாள் அவள். "பேரைப் போட்டா அந்த ஒருத்தர் கிழிச்சுப் போட்டுடுவார். பொதுவா எழுதுங்க. ரெண்டு பேருமே, இது மத்தவனைச் சொல்றாங்கன்னு நினைச்சுக் கையெழுத்துப் போட்டுடுவாங்க."

கண்ணாடிக்கடைக்காரர் நடப்பதை நிறுத்தினார். இப்படி ஒரு மூளையையா இத்தனை வருடமாக ஜன்னல் ஓரம் உட்கார வைத்திருந்தோம் என்று அவருக்கே வருத்தமாக இருந்தது. மனிதர்கள் எவ்வளவு சுலபமாக ஏமாறுகிறார்கள் பார்த்தீர்களா என்று பல் டாக்டரைப் பார்த்துச் சிரித்தார்.

"சரி, எழுது. பிரிந்த இருவரில், மேடையை விட்டு முதலில் இறங்கியவர் யாரோ அவரே..."

"மேடைன்னு போட்டா, நான் படியில இருந்தேன், ஓரத்துல இருந்தேன்னு தப்பிச்சுக்குவாங்க. இருந்த இடத்தை விட்டுன்னு போடட்டுமா?"

"போடு. ஓட்டையே இருக்கக் கூடாது. இருந்த இடத்தை விட்டு முதலில் எழுந்து வெளியேறியவரே, மற்றவர் வீட்டுக்குத் தாமே போய்க் கதவைத் தட்ட வேண்டும்."

"எத்தனை நாளுக்குள்ள?"

"கையெழுத்தானதிலிருந்து ஒரு வாரம். ஒரு நாள் கூடுதல் கிடையாது."

அவள் எழுதினாள். அவருக்குச் சூடு பிடித்துவிட்டது. போகிறவர் யார் சரி, யார் தப்பு என்று பேசக் கூடாது. வெறுங்கையோடு போகக் கூடாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. எல்லாம் அவரே சொன்னது, அவள் ஒன்றைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசியில் பென்சிலை உதட்டில் வைத்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டாள்.

"இது இந்த ஒரு பேண்டுக்கு மட்டுமா, இல்ல பிரிஞ்ச எல்லாருக்குமா?"

"நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அதையும் எழுதிடறேன்" என்று எழுதினாள். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். கண்ணாடிக்கடைக்காரர் தன் பெயருக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார். தபாலில் சேர்க்கும் வேலையை அவள் ஏற்றுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்றம் கூடியபோது தீர்மானம் திரும்பி வந்திருந்தது. உறையை மனைவி எல்லோர் முன்னாலும் கணவர் கையில் கொடுத்தாள். நெருப்புக்கோழிகளிடமிருந்து பதில் என்றால் சும்மாவா? பல் டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

உள்ளே அதே தாள். மூன்று கையெழுத்துக்கும் மேலே இருந்த வெற்றிடத்தில் நான்காவதாக ஒரு கையெழுத்து. அதன் பக்கத்தில், உறுப்பினர் எண் ஒன்று. கீழே ஒரு வரி: தீர்மானத்தை முழுமனதாக ஏற்கிறேன், வீட்டில்தான் இருக்கிறேன்.

"இதை எதுக்கு உங்க அண்ணனுக்கு அனுப்பினே?"

"மன்றத்துப் பட்டியல்ல முதல் பேர் அவருதானே. அவர் கையெழுத்து இல்லாம எப்படி வெளிய அனுப்புறது? பாதி மன்றம்னு சொல்லிட மாட்டாங்க?" என்றாள் அவள். மடியில் ஒரு கல்யாணக் கோட்டு, அதற்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "ஆனா அண்ணன் ஒண்ணு கேக்கறாருங்க. பிரிஞ்ச எல்லாருக்கும் பொருந்தும்னு போட்டிருக்கே, அப்ப எங்களுக்கும்தானேன்னு."

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, தாராளமாகப் பொருந்தும், அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனவர் உன் அண்ணன்தான், அவர்தான் வர வேண்டும் என்றார்.

"இருந்த இடத்தை விட்டு முதல்ல எழுந்தது யாருங்க?"

"அவர்தான்."

பல் டாக்டர் அன்றைக்கு மன்றத்தில் இல்லாதவர், அதனால் நடுநிலையானவர். சாட்சி உண்டா என்று கேட்டார். இருந்தது. அன்று சோபாவில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவர் பின்பாட்டு. கண்ணாடிக்கடைக்காரர் அவரைத் தெம்பாகப் பார்த்தார். இருபது வருடத்தில் ஒரு தடவைகூட அவர் பேச்சை மறுக்காத ஆள்.

பின்பாட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அண்ணே, நீங்கதான் முதல்ல எழுந்தீங்க. நான் ஜன்னல் வழியா பார்த்துட்டே இருந்தேன். ஒரு கால்ல அண்ணியோட செருப்பு. பூப் போட்டது."

அன்றைக்கு எந்தத் தலையும் குறுக்கே வரவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் தீர்மானத்தை மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார். ஓர் ஓட்டை இல்லை. எல்லா ஓட்டையையும் அவரே நின்று அடைத்திருந்தார். கெடு அன்றோடு முடிகிறது என்பதையும் பல் டாக்டர் சுட்டிக்காட்டினார்.

"வெறுங்கையோடயா போறது?" என்று முனகினார். அதுதான் கடைசிப் பிடி.

மனைவி கோட்டின் நூலைக் கடித்து அறுத்தாள். மெஷினுக்குக் கீழே இருந்து ஒரு கால்சட்டையை எடுத்துக் கோட்டோடு மடித்துத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். "அண்ணன் கல்யாணத்துக்குப் போட்டுக்கறது. நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துடுங்க. முகத்தை மட்டும் இறக்கி வெச்சுட்டுப் போங்க."

மெக்கானிக் வீடு நான்காவது மாடி. ஊரில் உள்ள லிஃப்ட் எல்லாவற்றையும் ஓட வைக்கிறவர் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரு வாக்கியம் தோன்றியது. முதல் மாடியில் கம்பீரமான வாக்கியம். இரண்டாவதில் நியாயமான வாக்கியம். மூன்றாவதில் சுருக்கமான வாக்கியம். நான்காவதில் மூச்சுதான் இருந்தது.

கதவு திறந்தே இருந்தது. திறந்த கதவைத் தட்டினார்.

மச்சான் நாற்காலியில் இருந்து எழுந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வந்தது யார் என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். மூக்கில் இருந்தது ஒன்பது வருடத்துக்கு முன்னால் கண்ணாடிக்கடைக்காரர் தன் கையாலேயே மாட்டிவிட்ட கண்ணாடி. அதன் ஒரு கால் உடைந்து நூலால் சுற்றியிருந்தது.

"இதைப் போட்டுட்டா லிஃப்ட் ரிப்பேர் பண்றீங்க?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். யோசித்து வைத்திருந்த வாக்கியங்களில் இது இல்லை. "வேற கடையே இல்லையா ஊர்ல?"

"நம்ம கடை இருக்கறப்ப இன்னொரு கடைக்கு எப்படி மாப்பிள்ளை போறது?"

கண்ணாடிக்கடைக்காரர் துணிப்பையை நீட்டினார். மெக்கானிக் வாங்கிக்கொண்டார். இருவரும் உட்கார்ந்தார்கள். தீர்மானப்படி யார் சரி என்று பேசக் கூடாது. உள்ளே கல்யாண வீட்டுச் சத்தம். மெக்கானிக் கால் மேல் கால் போட்டார், எடுத்தார்.

"இருந்தாலும் மாப்பிள்ளை" என்றார், "மைக்கைத்தான் முதல்ல வெச்சார்."

கண்ணாடிக்கடைக்காரருக்கு உள்ளே எங்கேயோ ஒன்பது வருடமாக இறுகிக் கிடந்த ஒரு திருகாணி கழன்றது. "ஒயரை" என்றார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மெக்கானிக் நாற்காலிக் கையில் தட்டினார். தேநீர் வந்து ஆறியது. இன்னொன்று வந்து அதுவும் ஆறியது. வெள்ளிக்கிழமை காலையில் எத்தனை மணிக்கு வந்துவிட வேண்டும் என்று கிளம்பும்போது மச்சான் சொன்னார். இவர் தலையாட்டினார். மூன்று மணி நேரத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை.

விளக்கேற்றும் நேரத்தில் அவர் வீடு திரும்பினார். சண்டையை மறக்கும் பெருந்தன்மை தனக்கு இயல்பாகவே வருகிறது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். மனைவியிடம் அதை எப்படிச் சொல்வது என்றும் ஒத்திகை பார்த்தார். நானாகப் போனேன், தீர்மானமெல்லாம் சும்மா ஒரு சாக்கு என்று தொடங்கலாம்.

வாசலில் பின்பாட்டு நின்றிருந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய பொட்டலம். முகம் செத்துப்போயிருந்தது.

"அண்ணே, பேண்ட் சேர்ந்துடுச்சு" என்று பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். காக்கிக் கால்சட்டை. கண்டக்டர் உடுப்பு. பின்பக்கத் தையல் புதிதாகப் போட்டிருந்தது.

விஷயம் இதுதான். பின்பாட்டுக்கே தெரியாமல் அவர் மனைவி அந்தக் கால்சட்டையைத் தையல்காரியிடம் தைக்கக் கொடுத்திருந்தாள். போன வாரம் பின்பாட்டு ஜன்னல் ஓரம் வந்து, பேண்ட் பத்தி ஏதாவது தெரியுமா அண்ணி என்று வழக்கம் போலக் கேட்டிருக்கிறார். பிரிஞ்சது சேர்ந்துடும், ஒரு வாரம் ஆகும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். மனிதர் அதை மன்றத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"அப்ப நெருப்புக்கோழிகள்?"

"அவங்களைப் பத்தி அண்ணி ஒண்ணுமே சொல்லலையாம் அண்ணே."

கண்ணாடிக்கடைக்காரர் உள்ளே போனார். மனைவி மெஷினை மூடிக்கொண்டிருந்தாள். சுவரில் ஆணியில் ஒரு கோட்டும் கால்சட்டையும் தொங்கின. மச்சானுக்குக் கொண்டுபோனதே திரும்பி வந்துவிட்டதா என்று ஒரு நொடி குழம்பினார். அதே துணி, அதே பொத்தான். தொட்டுப் பார்த்தார். மச்சான் நெட்டை. இது குட்டையாக இருந்தது. இடுப்பு மட்டும் தாராளமாக இருந்தது.

யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மெஷின் மேல் அளவு நோட்டு திறந்திருந்தது. ஒரே பக்கத்தில் இரண்டு அளவு. ஒன்றின் மேல் அண்ணன், மற்றதன் மேல் இவர். தேதியைப் பார்த்தார். கல்யாணப் பத்திரிகை வந்த நாள். நான் வரவில்லை என்று அவர் சொன்ன நாள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சை விட்டுவிட்டு, நோட்டை மூடி வைத்தார்.

"டேப்பைக் கையில எடுத்து நான் பார்க்கவே இல்லையே" என்றார் கடைசியில். "எனக்கு எப்ப அளவு எடுத்தே?"

அவள் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றிச் சுருட்டி வைத்தாள்.

"உங்க அளவு தெரியறதுக்கு டேப் எதுக்குங்க?"